காது அறிக்கையில் 'ரெக்ரூட்மென்ட்': என்ன பொருள், என்ன செய்வது?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. செவித்திறன் பரிசோதனை அறிக்கையில் 'ரெக்ரூட்மென்ட் உள்ளது' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அகராதியிலோ 'ஆட்சேர்ப்பு' என்றிருக்கிறது. சாதாரணமாகப் பேசினால் அவருக்குக் கேட்பதில்லை. சற்று உரக்கப் பேசினால் 'ஏன் கத்துகிறாய்?' என்று கோபிக்கிறார். கருவி பொருத்தினால் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்தச் சொல் எதைச் சொல்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது அவசியம். அலுவலகங்களில் அது ஆட்சேர்ப்பு. மீன்வளத் துறையில், பிடிபடும் அளவுக்கு வளர்ந்து ஆண்டுதோறும் மீன்கூட்டத்தில் சேரும் இளம் மீன்களின் வரவு. நரம்பு-தசைப் பரிசோதனையில், விசை கூடக்கூடத் தசையின் மேலும் பல இயக்க அலகுகள் வேலையில் இறங்கும் விதம். செவியியலில் 1930களில் நியூயார்க் காது மருத்துவர் எட்மண்ட் ஃபௌலர் விளக்கிய பொருளே உங்களுக்கு வேண்டியது: ஒலி சற்றே கூடும்போது, கேட்பவருக்கு அதன் உரப்பு அளவுக்கு மீறி வேகமாக ஏறிவிடுகிறது.

உட்காதின் நத்தைச்சுருளில் உள்ள வெளிமயிர்ச் செல்கள் மெல்லிய ஒலிகளை உள்ளேயே பெருக்கித் தருகின்றன. உரத்த ஒலிகளுக்கு அவற்றின் உதவி ஏறக்குறையத் தேவைப்படுவதில்லை. முதுமையாலோ நெடுநாள் இரைச்சலாலோ அவை பழுதுபடும்போது மெல்லிய ஒலி கேட்காமல் போகிறது, உரத்த ஒலியோ முன்போலவே முழு வேகத்தில் வந்து தாக்குகிறது. கேட்கத் தொடங்கும் அளவு 60 டெசிபெல், தாங்க முடியாத அளவு 100 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், இயல்பான காதுக்கு 100 டெசிபெல் அகலமுள்ள இடைவெளி உங்கள் தந்தைக்கு 40 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் தொலைவில் நாம் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல்தான் என்பதால், அது அவருக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கும்; சமையலறையில் ஓர் எவர்சில்வர் தம்ளர் விழுந்தாலோ அவர் துடித்துப்போவார். அவருடைய கோபம் பிடிவாதமன்று என்பதை வீட்டில் எல்லோரும் உணர வேண்டும்.

எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவான பெருக்கிகளை வாங்காதீர்கள். அவை அவரை மேலும் வருத்தும், கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடும். மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் 'கம்ப்ரெஷன்' வசதியுள்ள டிஜிட்டல் கருவியே அவருக்கு ஏற்றது. அதைப் பொருத்தும் செவித்திறன் நிபுணரிடம், தாங்க முடியாத ஒலி அளவை இரு காதுகளுக்கும் தனித்தனியே அளந்து, கருவியின் உச்ச ஒலி அதைத் தாண்டாதபடி அமைக்கச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் எந்தெந்த ஓசை அவரை உறுத்துகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மறுபடியும் சென்றால் அமைப்பை நுட்பமாகத் திருத்தித் தருவார்கள். அழிந்த மயிர்ச் செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. ஆகவே இந்த உறுத்தலுக்கு மருந்து என்று யாரேனும் விற்றால் நம்ப வேண்டாம்.

பேசும்போது குரலை உயர்த்துவதைவிட அருகில் சென்று, முகத்தைப் பார்த்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சற்று நிதானமாகப் பேசுங்கள். ஒரு காதில் மட்டும் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால், கருவி பற்றிய பேச்சை ஒத்திவைத்து, அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.