சிகிச்சை முடிந்த பிறகு வரும் அழுகை

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமல் இருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். 'அதுதான் குணமாகிவிட்டதே' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கோ இப்போதுதான் அழுகை வருகிறது. குளிக்கும்போது கை தானாகவே தழும்பைத் தடவிப் பார்க்கிறது. முதுகு லேசாக வலித்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என்று தூக்கம் போய்விடுகிறது. இதை யாரிடம் சொல்வது?

பதில்: அன்புச் சகோதரி, சிகிச்சையை முடித்த பலருக்கும் இப்படித்தான் ஆகிறது, இது உங்கள் மனத்தின் பலவீனம் அல்ல. அடுத்த கீமோ எப்போது, ரத்த அணுக்கள் ஏறினவா என்ற கவலையிலேயே நாட்கள் கழிந்தபோது அழுவதற்குக்கூட அவகாசம் இருந்திருக்காது. அடிக்கடி பார்த்த மருத்துவரையும் செவிலியரையும் மாதக்கணக்கில் பார்க்காமல் இருக்கும் இந்த நேரத்தில்தான் அடக்கிவைத்த பயமெல்லாம் மேலே வருகிறது.

வீட்டில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ஆறுதல் சொல்ல வேண்டாம், குறுக்கே பேசாமல் கொஞ்ச நேரம் கேட்டால் போதும்' என்று வெளிப்படையாகவே கேளுங்கள். பரிசோதனை நாள் நெருங்கும்போது பயம் அதிகமாகும் என்பதால், அன்று அவரையே துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆனாலும், இதே நோயைக் கடந்து வந்த ஒரு பெண்ணிடம் பேசும்போது கிடைக்கும் தெம்பு தனியானது. மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்பவர், 1950களில் நியூயார்க்கில் தம்மைப் போன்ற பெண்களை நேரில் சந்தித்துத் தைரியம் சொல்லத் தொடங்கியதிலிருந்து பிறந்ததே 'ரீச் டு ரெக்கவரி' என்ற அமைப்பு. அத்தகைய ஆதரவுக் குழுக்களைப் பற்றி உங்கள் புற்றுநோய்ப் பிரிவில் விசாரியுங்கள். ஒருவருடைய நோயின் வகையும் நிலையும் இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதால், குழுவில் கேட்பதையெல்லாம் உங்களுக்கும் நடக்கும் என்று எண்ண வேண்டாம். போய்வந்தபின் பயம் கூடினால், விலகிக்கொள்வதில் தவறே இல்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் துயரம் விடாமல் நீடித்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டமாக்சிஃபென் சாப்பிடுவதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் டமாக்சிஃபென் உடலில் செயல்படுவதைக் குறைக்கக்கூடும், அவற்றுக்கு மாற்று மருந்துகள் உண்டு. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

முதுகுவலி விடாமல் தொடர்ந்தால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்போது, அவர் கேட்காவிட்டாலும், 'தூக்கம் வருவதில்லை, பயமாக இருக்கிறது' என்பதையும் வலியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.