உளவியல் ஆய்வுக் கட்டுரைகளை நூலக டேட்டாபேஸில் எப்படித் தேடி எடுப்பது?

நீங்கள் எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறீர்கள். பிளஸ் டூ மாணவர்களின் தேர்வுப் பதற்றமும் அதில் பெற்றோர் எதிர்பார்ப்புக்கு உள்ள பங்கும் உங்கள் புராஜெக்ட். கூகுளில் போட்டால் வலைப்பதிவும் கோச்சிங் சென்டர் விளம்பரமும்தான் வருகின்றன, பியர் ரெவ்யூ ஆன (அதே துறை வல்லுநர்கள் பரிசீலித்து ஏற்ற) பேப்பர்தான் வேண்டும் என்று கைடு சொல்கிறார், லைப்ரரி டேட்டாபேஸுக்குள் போனால் ஒன்றும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகலை மாணவர்களின் புராஜெக்டுகளைப் பார்ப்பது என் அன்றாட வேலை என்பதால் உங்கள் தலைப்பையே வைத்துச் சொல்கிறேன்.

டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். தேடலில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. புராஜெக்ட் தலைப்பு முழுவதையும் தேடல் பெட்டியில் அடித்தால் எதுவும் வராது, அல்லது சம்பந்தமில்லாதது வரும். உங்கள் தலைப்பில் மூன்று கருத்துகள் இருக்கின்றன: தேர்வுப் பதற்றம், பெற்றோர் எதிர்பார்ப்பு, பள்ளி மாணவர். மூன்று பத்தி (நெடுவரிசை) போட்டு, ஒவ்வொன்றையும் ஆய்வாளர்கள் எந்தெந்தப் பெயரில் எழுதுவார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். முதல் பத்தியில் டெஸ்ட் ஆங்ஸைட்டி, எக்ஸாம் ஆங்ஸைட்டி, எக்ஸாமினேஷன் ஸ்ட்ரெஸ், அகாடமிக் ஸ்ட்ரெஸ். இரண்டாவதில் பேரண்டல் எக்ஸ்பெக்டேஷன்ஸ், பேரண்டல் பிரஷர். மூன்றாவதில் அடோலசென்ட்ஸ், ஹை ஸ்கூல் ஸ்டூடண்ட்ஸ், ஹயர் செகண்டரி. பிளஸ் டூ என்ற பெயரில் அமெரிக்காவிலோ சீனாவிலோ யாரும் எழுதமாட்டார்கள். ஹயர் செகண்டரி என்பதும் பெரும்பாலும் நம் பக்கத்துப் பேப்பர்களில்தான் கிடைக்கும். இந்திய ஆய்வுகளைப் பிடிக்க அது உதவும். கேள்வித்தாளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீல்பெர்கரின் டெஸ்ட் ஆங்ஸைட்டி இன்வென்ட்டரி 1980இல் வந்தது. அதைப் பயன்படுத்திய ஆய்வுகளை அந்தப் பெயரை வைத்தே இழுத்துவிடலாம்.

அப்புறம் இணைப்பது எளிது. ஒரே பத்தியில் உள்ள சொற்களுக்கு நடுவில் 'ஆர்' (OR), பத்திக்கும் பத்திக்கும் நடுவில் 'ஆண்ட்' (AND). இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அடோலசென் வரை அடித்து நட்சத்திரக் குறி வைத்தால் அடோலசென்ட், அடோலசென்ஸ் எல்லாம் சேர்ந்து வரும். 'நாட்' (NOT) மட்டும் வேண்டாம். கல்லூரி மாணவர் வேண்டாமென்று 'நாட் காலேஜ்' போட்டால், பள்ளி, கல்லூரி இரண்டையும் ஒப்பிட்ட நல்ல பேப்பரும் சேர்ந்து போய்விடும்.

உளவியலுக்கு முதல் இடம் சைக்இன்ஃபோ. அமெரிக்க உளவியல் சங்கத்துடையது. 1927இல் தொடங்கிய சைக்கலாஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற அச்சு இதழின் வாரிசு. இதில் இருப்பது கட்டுரையின் விவரமும் அப்ஸ்ட்ராக்ட் என்ற சுருக்கமும்தான். முழுக் கட்டுரை இல்லையே என்று பலர் மூடிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சங்கத்தின் ஜர்னல்களை முழுதாகத் தருவது சைக்ஆர்ட்டிக்கிள்ஸ் என்ற வேறு டேட்டாபேஸ். முழுக் கட்டுரைக்காகச் சைக்ஆர்ட்டிக்கிள்ஸில் மட்டும் தேடினால் மற்ற பதிப்பாளர்களின் ஜர்னல்கள் அத்தனையும் விட்டுப்போகும். முதலில் சைக்இன்ஃபோவில் தேடுங்கள், கட்டுரையை எங்கிருந்து எடுப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சைக்இன்ஃபோவின் உண்மையான பலம் அதன் தெசாரஸ், அதாவது தலைப்புச் சொற்களின் பட்டியல். ஒவ்வொரு கட்டுரைக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரே மாதிரியான தலைப்புச் சொற்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள். கட்டுரையாளர் எக்ஸாம் ஸ்ட்ரெஸ் என்று எழுதியிருந்தாலும், அது டெஸ்ட் ஆங்ஸைட்டி என்ற தலைப்பின்கீழ் வந்திருக்க வாய்ப்புண்டு. மனச்சோர்வு பற்றித் தேடும்போது இதன் அருமை இன்னும் தெரியும்: மருத்துவ ரீதியாகக் கண்டறியப்பட்ட நோய்க்கு மேஜர் டிப்ரெஷன் என்று ஒரு தலைப்பு, நோய் அளவுக்குப் போகாத சோர்வுக்கு வேறொன்று. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ரெவ்யூ (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி) எழுதினால், வெவ்வேறு மனிதர்களைப் பற்றிய முடிவுகளைக் கலந்து எழுதிவிடுவோம். நாளைக்கு ஒரு பள்ளி ஆலோசகர் உங்கள் புராஜெக்டைப் படிக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சைக்இன்ஃபோவுக்குச் சந்தா விலை அதிகம். உங்கள் கல்லூரியில் இல்லாமலிருக்கலாம். கவலை வேண்டாம். உங்கள் தலைப்பு கல்வியையும் தொடுவதால் எரிக் டேட்டாபேஸ் கைகொடுக்கும். அமெரிக்கக் கல்வித்துறை நடத்துவது, முற்றிலும் இலவசம். அதிலும் டெஸ்ட் ஆங்ஸைட்டி ஒரு முறையான தலைப்புச் சொல். தேடல் பெட்டிக்குக் கீழேயே பியர் ரெவ்யூ ஆனவை மட்டும், முழுக் கட்டுரை உள்ளவை மட்டும் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதை டிக் செய்யுங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள்.

அடுத்து பப்மெட் என்ற மருத்துவ ஆய்வு டேட்டாபேஸ். இதுவும் இலவசம். நீங்கள் அடித்ததை அது தானாகவே மெஷ் என்ற தன் தலைப்புச் சொற்களோடு பொருத்திப் பார்க்கும். அட்வான்ஸ்டு பக்கத்தில் டீட்டெயில்ஸை விரித்தால் உங்கள் சொல்லை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று வரிவரியாகத் தெரியும். ஒருமுறை பார்த்தீர்கள் என்றால் ஏன் இத்தனை வேண்டாத பேப்பர்கள் வந்தன என்பது விளங்கிவிடும். நட்சத்திரக் குறி போட்ட சொல்லுக்கு இந்தப் பொருத்தம் நடக்காது.

வயது வடிகட்டியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சைக்இன்ஃபோவில் வளரிளம் பருவம் 13 முதல் 17 வரை, பப்மெட்டில் 13 முதல் 18 வரை. உங்கள் பிளஸ் டூ மாணவர்களில் 18 ஆனவர்கள் இருப்பார்கள். அதனால் சைக்இன்ஃபோவில் அடுத்த வயதுப் பிரிவையும் சேர்த்து டிக் செய்யுங்கள். பப்மெட்டில் இந்த வடிகட்டி மெஷ் குறிப்பை நம்பியது. இன்னும் குறிப்புப் போடாத புதிய கட்டுரைகள் அதில் விழாது. பியர் ரெவ்யூ என்ற டிக்கையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அது பெரும்பாலும் ஜர்னலைப் பார்த்து வடிகட்டுவது. அதே ஜர்னலில் வந்த தலையங்கமும் புத்தக மதிப்புரையும்கூட உள்ளே வந்துவிடும். ஆய்வு முறை, மாதிரி, முடிவு இவை கட்டுரையில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

நல்ல பேப்பர் ஒன்று கிடைத்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலும் முன்னாலும் போங்கள். ஹெம்ப்ரீ 1988இல் தேர்வுப் பதற்றம் பற்றிய 562 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றுசேர்ப்பது) வெளியிட்டார். அதன் மேற்கோள் பட்டியலைப் பார்த்தால் அதற்கு முந்தைய காலம் முழுதும் கிடைக்கும். கூகுள் ஸ்காலரில் அதன்கீழ் உள்ள 'சைட்டட் பை'யை அழுத்தினால் பிந்தைய காலம் வரும். அப்படிப் போனால் ஃபான் டெர் எம்ப்ஸே குழுவினர் 2018இல் 238 ஆய்வுகளை வைத்துச் செய்த தொகுப்பு கையில் கிடைக்கும். இந்த இரண்டையும் படித்துவிட்டு உட்கார்ந்தால் உங்கள் ரெவ்யூவுக்கு முதுகெலும்பு வந்துவிடும். ஸ்காலரை நான் இதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். அதில் பியர் ரெவ்யூ வடிகட்டி கிடையாது.

இந்திய ஆய்வுகளுக்கு இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிக்கல் மெடிசின் இலவசமாகவே கிடைக்கிறது. சோத்கங்காவில் நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. ஆய்வேடு பியர் ரெவ்யூ ஆன கட்டுரை இல்லைதான், ஆனால் தமிழில் மொழிபெயர்த்துச் சோதித்த கேள்வித்தாள் இருந்தால் அங்கேதான் அகப்படும். யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான கேர் லிஸ்டில் இருக்கிறதா என்று கைடு கேட்டால், அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது என்று சொல்லுங்கள். ஜர்னலின் ஆசிரியர் குழு, அது எந்த டேட்டாபேஸில் இருக்கிறது என்பதையெல்லாம் இனி நாமே பார்த்தாக வேண்டும்.

முழுக் கட்டுரைக்கு வருகிறேன். அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் உங்கள் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று லைப்ரரியனிடம் கேளுங்கள். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, சேஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் எல்லாம் அதில் உண்டு. வீட்டிலிருந்து எடுக்க இன்ஃபெட் என்ற வெளியிலிருந்து நுழையும் வசதிக்கான லாகின் கொடுக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சுயநிதிக் கல்லூரி என்றால் அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள்; சட்டப்படி இலவசமாக வைக்கப்பட்ட பிரதி இருந்தால் காட்டிவிடும். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே மெயில் போடுங்கள். கட்டுரையின் பெயர், நீங்கள் யார், எதற்கு வேண்டும் என்று நான்கு வரி போதும். தயங்காதீர்கள், தங்கள் ஆய்வை ஒருவர் படிக்கக் கேட்பது அவர்களுக்கு மகிழ்ச்சியான விஷயம்தான்.

தேடும்போதே ஒரு நோட்டில் தேதி, டேட்டாபேஸ், அடித்த சொற்கள், எத்தனை வந்தது, எத்தனை எடுத்தேன் என்று எழுதி வாருங்கள். மெத்தடாலஜி பகுதியில் அப்படியே போகும், வைவாவில் கேட்டாலும் பதில் இருக்கும். பப்மெட்டில் இலவசக் கணக்குத் தொடங்கி உங்கள் தேடலைச் சேமித்துவைத்தால் புதிதாக வருவதை மெயிலில் அனுப்பும். சினாப்சிஸ் கொடுத்த அன்றே அதைச் செய்துவிடுங்கள். வைவாவுக்குள் புதிதாக ஒரு பேப்பர் வந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.