கொச்சிக்காய்க்குக் கராம்பெண்ணெய் அடிக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில் அரை ஏக்கர் கொச்சிக்காய் (மிளகாய்) வைத்திருக்கிறேன். பழுக்கிற காயெல்லாம் குழி விழுந்து வட்டம் வட்டமாகக் கறுக்கிறது. மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவர், ‘நூறு வீதம் இயற்கை, இரண்டு தரம் அடித்தால் போதும்’ என்று கராம்பெண்ணெய்ப் போத்தல் ஒன்றை விற்றுவிட்டுப் போனார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்திரக்னோசு, பங்கசால் வரும் வருத்தம். கராம்பெண்ணெய் பங்கசைக் கொல்லும் என்பது பொய்யில்லை. ஆனால் கொன்று காட்டியது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில், மூடிய கண்ணாடித் தட்டுக்குள். வெட்டவெளியில் மணம் காற்றோடு போனால் மருந்தும் போச்சு. அழுகிய காயின் உள்ளே இருப்பதை அது எட்டவும் மாட்டாது.

கூட்டி அடித்தால் இன்னும் மோசம். வெளிநாடுகளில் இதே எண்ணெயைக் களையைக் கருக்கவும் விற்கிறார்கள். தண்ணீரோடும் சேராது. மெசினில் ஊற்றினால் அடியில் தங்கி, முதல் நாலு கன்றுக்கு எண்ணெய், மிச்சத்துக்கு மணத்த தண்ணீர்.

இனி அந்தப் போத்தல். ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு துளி விட்டுக் கலக்குங்கள். சுத்தமான கராம்பெண்ணெய் தண்ணீரைவிடப் பாரம், அடியில் உருண்டு கிடக்கும். மிதந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறான். பால்போல் வெளுத்து அப்படியே நின்றால், எண்ணெயைத் தண்ணீரோடு சேர வைக்கிற ஏதோ கலந்திருக்கிறது. என்னவென்று லேபலில் இருக்கிறதா? 1980ஆம் ஆண்டுப் பீடைகொல்லிச் சட்டப்படி, இயற்கையென்றாலும் பயிர் நோய்க்கு மருந்தாக விற்கப் பதிவு வேண்டும். 2021இல் இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதியாவதை அரசாங்கம் ஒரேயடியாகச் சில மாதம் நிறுத்தியதிலிருந்து இந்தப் போத்தல்காரர்களுக்கு நல்ல காலம். முறைப்பாடு கொடுக்கப் போனால் ‘அது எங்கள் பிரிவில்லை’ என்று அடுத்த கந்தோரைக் காட்டுவார்கள்.

இப்படியான மணமுள்ள எண்ணெய்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அறுவடைக்குப் பிறகு. சீப்பாக வெட்டிய வாழைப்பழம் அழுகாமலிருக்கத் திருநீற்றுப்பச்சை எண்ணெய் தெளித்து இலங்கையிலேயே நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். கவனியுங்கள்: அது வெட்டிய பழம், நிழலில், பெட்டிக்குள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, கருக இலையும் இல்லை. உங்களுடையது கன்றில் நிற்கிற காய். விற்பவன் இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுவான்.

நிலத்தில் விழுந்தது உட்பட, நோய்க் காயைப் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள். மேலால் விசிறாமல் அடியில் தண்ணீர் கட்டுங்கள். இந்தப் பழத்தில் விதை எடுக்கவே வேண்டாம், வருத்தம் விதையோடும் வரும். பிறகும் பரவினால் இரண்டு காயைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, பதிவுள்ள பங்கசுநாசினியின் பெயரை எழுதி வாங்குங்கள். அவர் கந்தோரில் இருக்கிற நாள் எதுவென்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.