கரையோரத்தைத் தூர்க்கப் போகிறார்களா? இரண்டு மாதத்தைத் தவறவிடாதீர்கள்

கேள்வி: வேலை நிமித்தம் ஹாங்காங்கில் குடியிருக்கிறேன். மாலையில் பிள்ளைகளோடு விக்டோரியா துறைமுகக் கரையில்தான் நடப்போம். அங்கே கடலைத் தூர்த்துக் கட்டப் போவதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. எனக்குச் சீனம் தெரியாது, நிரந்தரக் குடியுரிமையும் இல்லை. என் எதிர்ப்பை யார் கேட்பார்கள்?

பதில்: கேட்டாக வேண்டும். 1997 ஜூன் இறுதியில், ஆட்சி சீனாவின் கைக்கு மாறும் தறுவாயில், துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துறைமுகம் மக்களின் பொதுச் சொத்து, அதைத் தூர்க்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. தூர்க்க நினைப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். எவ்வளவு வலுவான காரணம் என்பதை, வான்சாய் பகுதியில் கடலைத் தூர்க்கும் திட்டத்தின் மீதான வழக்கில், 2004 ஜனவரியில், இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரையறுத்தது: தேவை தள்ளிப்போட முடியாததாக, இன்றைக்கே இருப்பதாக இருக்க வேண்டும், வேறு நியாயமான வழி இருக்கக் கூடாது, தூர்க்கும் பரப்பு குறைந்தபட்சத்தைத் தாண்டக் கூடாது, இவற்றுக்கு உறுதியான ஆதாரம் வேண்டும். பிறகு அந்தத் திட்டத்தின் பரப்பே பாதியாகச் சுருங்கியது.

உங்கள் கடிதமும் இந்தக் கேள்விகளின் மேல்தான் நிற்க வேண்டும். கடற்காற்றையும் பிள்ளைகளின் மாலையையும் எழுதுங்கள், அதில் தவறில்லை. ஆனால் "இதே கட்டடத்தை ஏற்கெனவே உள்ள நிலத்தில் கட்ட ஏன் முடியாது?" என்ற ஒரு வரிக்கு அவர்கள் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

ஒன்றை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. கரையை மேம்படுத்தும் சிறு பணிகளுக்கு, 0.8 ஹெக்டேர் வரை, பழைய தடை இப்போது இல்லை. பெரிய திட்டமானால், பொதுத் தேவை உண்டா என்று ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகி தம் நிர்வாகக் குழுவோடு முடிவு செய்வார். அதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். கண்காணிப்பு தளர்ந்துவிட்டது என்பதே என் கவலை. அதனால் தனி மனிதர்கள் எழுதும் கடிதங்களுக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் காலம். சென்ட்ரல் பகுதியில் பழைய ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறையைக் காக்க 2006 டிசம்பரில் இளைஞர்கள் உள்ளே புகுந்து போராடினார்கள். அந்தக் கரையைத் தூர்க்கும் ஒப்பந்தமோ 2003லேயே கையெழுத்தாகியிருந்தது. படகுத்துறை இடிக்கப்பட்டது. அவர்களின் உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே நகரத் திட்ட வாரியத்தின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். உங்கள் பகுதியின் வரைவுத் திட்டம் பொதுப் பார்வைக்கு வந்தால் கருத்துச் சொல்ல இரண்டு மாதம் உண்டு. யாரும் எழுதலாம், குடியுரிமை தேவையில்லை. ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரையும், அட்டை எண்ணின் முதல் நான்கு எழுத்து, இலக்கங்களையும் குறிப்பிட மறக்காதீர்கள். அடையாளம் தெளிவாக இல்லாத கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள். அக்கம்பக்கத்தாரையும் எழுதச் சொல்லுங்கள், ஒரே கடிதத்தை நகலெடுக்காமல், அவரவர் சொந்தச் சொற்களில்.