2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் தோற்றது பெண் என்பதாலா, தகுதி போதாததாலா?

இரண்டில் ஒன்றை மட்டும் கைகாட்டினால் கணக்கு உதைக்கும்.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹிலாரி கிளிண்டன் ட்ரம்ப்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் அதிக வாக்கு வாங்கினார். ஆனால் அங்கே அதிபரை முடிவுசெய்வது மொத்த வாக்கு இல்லை, மாநிலவாரிக் கணக்கு. அவர் கோட்டைவிட்டது விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலங்களில். மூன்றிலும் சேர்த்தே வித்தியாசம் 80 ஆயிரத்துக்குள்தான். பெண் என்றால் அமெரிக்காவில் ஓட்டே விழாது என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. 2024-இல் அப்போதைய அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகியதே ஜூலை 21-இல். ஹாரிஸுக்குக் கிடைத்தது மூன்றரை மாதம். துணை அதிபர் என்பதால் விலைவாசிக் கோபமும் அவர் தலையில். என் கணக்கில் அதுதான் பெரிய அடி.

ஆனால் ‘தகுதி’யை அளக்கும்போதே பாலினம் உள்ளே வந்துவிடும். நம்ம திருநெல்வேலிப் பக்கமே பாருங்களேன். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. கையெழுத்துப் போடுவது அந்த அம்மா. பல ஊர்களில் ‘தலைவரே’ என்று கூப்பிடுவது அவர் வீட்டுக்காரரை. அந்த அம்மாவே நேரில் வந்து, தண்ணீர்த் தொட்டி ஏன் ஒழுகுகிறது என்று காண்ட்ராக்டரை நாலு கேள்வி கேட்டால், “என்ன பேச்சு பேசுதா பாரு” என்பார்கள். அதையே ஆண் கேட்டால், “விவரமான ஆளுல்லா!” ஹாரிஸ் சிரித்ததைக்கூட எதிர்த்தரப்பு கேலிப்பொருளாக்கியது. ட்ரம்ப்பின் வாய்த்துடுக்கை அவர் ஆட்கள் துணிச்சல் என்றார்கள். இந்தப் பாரபட்சம் எத்தனை ஓட்டைத் தின்றது என்று பிரித்துச் சொல்ல, வாக்குச்சீட்டில் காரணம் எழுத இடமில்லையே!