பையன் டிஃபென்சிவ் லைனில் ஆடுவேன் என்கிறான், விடலாமா?

தம்பி, எச்-1பி விசாவில் டல்லாஸ் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பத்தாவது படிக்கும் பையன் நல்ல ஆகிருதி, பள்ளிக் கோச் அமெரிக்க ஃபுட்பால் அணியில் டிஃபென்சிவ் லைனுக்குக் கூப்பிடுகிறார், அவனோ தொழில்முறை லீகான என்எஃப்எல் வரை போவேன் என்கிறான், இதைப் பிழைப்பாக நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் தாராளமாக ஆடட்டும். பிழைப்புக் கணக்கில் மட்டும் இதைச் சேர்க்காதீர்கள்.

எதிரணியை மறிக்கும் முன்வரிசையில் நிற்கும் மூன்று நான்கு பேரில் ஒருவன் இவன். கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்று, பந்து அசைந்ததும் பாய வேண்டும். கண் பந்தின் மேலேயே இருக்கணும். எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் குரலைக் கேட்டுப் பாய்ந்தால், அவன் வேண்டுமென்றே குரலை மாற்றி ஏமாற்றிவிடுவான். பந்து அசையுமுன் கோட்டைத் தாண்டினால் ஆஃப்சைட், 5 கெஜம் போச்சு. பாயும்போது நிமிர்ந்தாலும் தொலைந்தது. எதிரில் நிற்கும் 140 கிலோ ஆள் நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போவான். தாழ்ந்து போய், தன் கையை அவன் நெஞ்சில் முதலில் பதிக்கிறவன்தான் பிழைப்பான். சில வருடம் தினமும் பழகினால்தான் இது கைவரும்.

உடம்பும் இடத்துக்கேற்றது. நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள் 145 கிலோவைத் தாண்டியும் இருப்பார், ஓரத்தில் நிற்கும் எண்ட் 120 கிலோவை ஒட்டி. என்எஃப்எல்-இல் ஆடிய ஆரன் டோனால்டைப் பார் என்று பையன் சொல்லுவான். 6 அடி 1 அங்குலம், 127 கிலோ. அந்த இடத்துக்குச் சிறிய ஆள். என்எஃப்எல் அணிகள் வருடந்தோறும் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-இல் 13-ஆவதாக ராம்ஸ் அணி எடுத்தது, 2017, 2018, 2020-இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 2024 மார்ச்சில் 32 வயதில் ஓய்வு. அவர் விதிவிலக்கு. அவரை வைத்துத் திட்டம் போட முடியாது.

நாடு முழுக்க ஹைஸ்கூலில் ஆடுகிறவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். டிராஃப்டில் ஏழு சுற்றில் எடுப்பது 260-க்கும் குறைவு, அதுவும் எல்லா இடத்துக்கும் சேர்த்து. எடுத்தபின்னும் நிச்சயமில்லை. கோடையில் ஒரு அணியில் 90 பேர், ஆகஸ்ட் கடைசியில் 53 பேராகக் குறைத்துவிடுவார்கள். நான்கு வருட ஒப்பந்தம் என்று பேப்பரில் வரும் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். உத்தரவாதம் எழுதிய பகுதிதான் பணம். 2025-இல் புதியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். அதை 18 வாரமாகப் பிரித்து, அணியில் இருக்கும் வாரத்துக்கு மட்டும் தருவார்கள். நீக்கப்பட்டு, பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்ந்தால் 2025 கணக்குப்படி வாரத்துக்கு 13,000 டாலர், எந்த வாரமும் அனுப்பிவிடலாம். ஏஜெண்டுக்கு 3 சதவீதம் வரை, மத்திய வரி, ஆடப் போகிற பல மாநிலங்களிலும் வரி. ஓய்வூதியத்துக்கு மூன்று சீசன் கணக்கில் ஏற வேண்டும். அதற்குள் வெளியே போகிறவர்கள் ஏராளம்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் விசா. ஹைஸ்கூல் முடித்து மூன்று வருடம் ஆகாமல் டிராஃப்ட் கிடையாது, ஆகவே கல்லூரி ஆட்டம் கட்டாயம். அந்த நேரத்தில்தான் பையனுக்கு 21 ஆகி, உங்களைச் சார்ந்து இருக்கும் எச்-4 விசா போகும். இந்தியர்களுக்கு இருக்கும் வரிசையில் அதற்குள் கிரீன் கார்டை நம்ப முடியாது, மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறணும். ஸ்காலர்ஷிப்புக்குத் தடையில்லை. ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் பெயரையும் படத்தையும் வைத்து வாங்கும் என்ஐஎல் பணம் எஃப்-1-இல் அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் ஒரு டாலரும் வாங்க வேண்டாம்.

ஆகஸ்ட் வெயிலில் கனமான லைன் ஆட்கள்தான் முதலில் சுருளுவார்கள். சுருண்டவரை உடனே குளிர்விக்க மைதானத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. திரும்ப ஆட டெக்சாஸ் சட்டப்படி டாக்டர் எழுதித் தரவும் நீங்கள் கையெழுத்திடவும் வேண்டும், அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். பெரிய அடி மட்டுமில்லை, லைனில் ஒவ்வொரு ஆட்டத்திலும் வாங்கும் சின்னச் சின்ன மோதல்களும் மூளையில் சேரும்.

படிப்பில் இப்போதே ஒரு வேலை. கல்லூரியின் முதல் டிவிஷனில் ஆட 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 2.3 ஜிபிஏ-வும் (4-க்கு எண்ணும் சராசரி மதிப்பெண்) வேண்டும். அவற்றில் 10 பாடத்தைப் பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடித்திருக்கணும். ஊரில் படித்த ஒன்பதாம் வகுப்பின் மதிப்பெண் பட்டியலும் கேட்பார்கள். பழைய பள்ளியிலிருந்து முத்திரையோடு வாங்கி, இங்குள்ள பள்ளியின் ஆலோசகரான கவுன்சிலரிடம் கொடுத்து வையுங்கள்.