வீட்டிலேயே ஃபட்ஜி பிரவுனி: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அல்சூர் வாசகி): நான் செய்யும் பிரவுனி ஒவ்வொரு முறையும் கேக் போலவே பொங்கிவிடுகிறது. உள்ளே ஈரமாகவும் கனமாகவும் வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: மைதா கூடி, வெண்ணெய் குறைந்தால்தான் இப்படி ஆகும். பேக்கிங் பவுடர் சேர்ப்பவராக இருந்தால் முதலில் அதை நிறுத்திவிடுங்கள். 20 செ.மீ. சதுரத் தட்டுக்கு 200 கிராம் டார்க் சாக்லேட், 150 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, 3 முட்டை, 70 கிராம் மைதா, 30 கிராம் கோகோ பவுடர் என்பதே நான் பரிந்துரைக்கும் அளவு. சாக்லேட்டையும் வெண்ணெயையும் சேர்த்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், முட்டையும் சர்க்கரையும் அடித்த கலவையில் ஊற்றுங்கள். மைதாவையும் கோகோவையும் சலித்துச் சேர்த்த பிறகு, வெள்ளைக் கோடுகள் மறையும் வரை மட்டும் கரண்டியால் மடித்துக் கலக்க வேண்டும். அதற்குமேல் கலக்கினால் மைதாவிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் வலுப்பெற்றுப் பிரவுனி இறுகிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஓவனிலிருந்து எடுக்கும் நேரம். 175 டிகிரி வரை முன்கூட்டியே சூடாக்கிய ஓடிஜியின் (வீட்டு மின் ஓவன்) நடுத்தட்டில் வைத்து, 22 நிமிடம் ஆனதுமே சோதிக்கத் தொடங்குங்கள். பல்குச்சி சுத்தமாக வெளியே வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். குச்சியில் ஈரத் துணுக்குகள் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால், மாவு வழியக் கூடாது. வெளியே எடுத்த பிறகும் தட்டின் சூட்டிலேயே அது சிறிது நேரம் வெந்துகொண்டிருக்கும் என்பதால், தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்ட் வாசகர்): மேலே மினுமினுப்பான மெல்லிய ஏடு எனக்கு வருவதே இல்லையே?

பதில்: சர்க்கரை முழுமையாகக் கரையாததே காரணமாக இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சர்க்கரையின் பரல்கள் பெரியவை; ஆகவே மிக்சியில் பொடித்துக்கொண்டு, முட்டையுடன் சேர்த்து, கலவை வெளுத்துக் கெட்டியாகும் வரை ஐந்து நிமிடமாவது நன்றாக அடியுங்கள். ஒரு சொட்டை எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறப்பு தெரியக் கூடாது.

கேள்வி (மல்லேஸ்வரம் வாசகி): எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மாற்று உண்டா?

பதில்: உண்டு. 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், கால் கப் கெட்டித் தயிர், கால் டீஸ்பூன் சமையல் சோடா ஆகியவற்றைச் சேர்த்து, சர்க்கரையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, மைதாவை 100 கிராமாக உயர்த்துங்கள். சுவை அருமையாக இருக்கும். அந்த ஏடு மட்டும் முட்டை இல்லாமல் அதே போல் அமையாது.

கேள்வி (இந்திராநகர் வாசகர்): காம்பவுண்ட் சாக்லேட் போதுமா?

பதில்: அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கிறது. பிரவுனியின் சுவையே சாக்லேட்டில்தான் என்பதால், இந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம். ஒரு டீஸ்பூன் கெட்டி டிகாஷனை முட்டைக் கலவையில் சேர்த்துப் பாருங்கள். காபி தனியாகத் தெரியாது, சாக்லேட்டின் கசப்பு மணம் தூக்கலாக இருக்கும்.

கேள்வி (அதே வாசகர்): பெங்களூரு உயரமான இடம் என்பதால் அளவை மாற்ற வேண்டுமா?

பதில்: ஏறத்தாழ 900 மீட்டர் உயரம்தான், பேக்கிங் பவுடர் இல்லாத இந்தப் பிரவுனிக்கு மாற்றம் தேவையில்லை.

கேள்வி (கே.ஆர்.புரம் வாசகி): வெட்டும்போது உதிர்ந்துபோகிறது.

பதில்: சூட்டோடு வெட்டாதீர்கள். முழுவதும் ஆறவிட்டு, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு இறுகித் துண்டுகள் நிற்கும். கத்தியை வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துக்கொள்ளுங்கள்.